ஜாக் பெர்ரினின் பற்று வரவு

சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரை ஆப்பிரிக்கக் கண்டத்து நாடுகள் இதுவரை வாங்கியது மூன்றே முறை. 1969ஆம் ஆண்டுப் படத்துக்காக அல்ஜீரியா, 1976ஆம் ஆண்டுப் படத்துக்காக ஐவரி கோஸ்ட், 2005ஆம் ஆண்டுப் படத்துக்காகத் தென்னாப்பிரிக்கா. முதல் இரண்டு படங்களின் தயாரிப்பாளர் வரிசையிலும் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் இருக்கிறது: ஜாக் பெர்ரின். 'சினிமா பாரடைசோ'வின் கடைசிக் காட்சியில் இருட்டு அரங்கில் தனியே உட்கார்ந்து, வெட்டி ஒட்டிய முத்தக் காட்சிகளைப் பார்த்துக் கண்கலங்கும் அந்த நடுவயது மனிதர்தான் அவர். நம்மில் பலருக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. தயாரிப்பாளர் என்பது இன்னும் குறைவாகவே தெரியும்.

அரசியல் சினிமா என்றால் இயக்குநரைப் பற்றிப் பேசுவோம், பிறகு நடிகரை, நேரமிருந்தால் இசையமைப்பாளரை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஒரு படம் யாருடைய பணத்தில், எந்த நாட்டு மண்ணில், யார் சம்பளத்தை விட்டுக்கொடுத்ததால் உருவானது என்பதும் அந்தப் படத்தின் அரசியல்தான். பெர்ரினின் ஐம்பது ஆண்டுக் கணக்கை எண்களோடு வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

பிறப்பு 1941 ஜூலை 13, பாரிஸ். இயற்பெயர் ஜாக் சிமோனே. அப்பா கொமெதி ஃபிரான்சேஸ் நாடக அரங்கில் வேலை பார்த்தவர், அம்மா நடிகை. அம்மாவின் குடும்பப் பெயரைத் திரைப்பெயராக்கிக்கொண்டார். 20 வயதுக்குள் இத்தாலிய இயக்குநர் வலேரியோ சுர்லினியின் படத்தில் கிளாடியா கார்டினாலேவோடு நாயகன். 25 வயதில், 1966இல், வெனிஸ் விழாவின் சிறந்த நடிகர் விருது. அடுத்த ஆண்டு ஜாக் தெமியின் 'ரோஷ்ஃபோர் இளம்பெண்கள்' படத்தில் வெளுத்த முடியோடு பாடித் திரியும் மாலுமி. இந்த வரிசையில் போகும் ஒரு அழகான இளைஞன் அடுத்த பத்தாண்டை நாயகனாகவே கழித்துக் காசு சேர்த்திருக்கலாம். பெர்ரின் 27 வயதில் படக் கம்பெனி தொடங்கினார்.

நடிகராக அவர் செய்த வேலையில் இரண்டு, பின்னால் நடந்ததோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஒன்று, 1965இல் வந்த '317ஆவது படைப்பிரிவு'. இந்தோசீனப் போரில் பிரான்ஸ் தோற்றுப் பின்வாங்கும் கதை. எடுத்த பியர் ஷோந்தோர்ஃபேர் 1954இல் தியென் பியென் பூவில் போர்க்கைதியாகப் பிடிபட்டவர். இரண்டு, அதே 1965இல் கோஸ்டா காவ்ராஸின் முதல் படம். கிரேக்கத்தில் பிறந்து பாரிஸுக்கு வந்த காவ்ராஸும் பெர்ரினும் அங்கே நண்பர்களானார்கள்.

முதல் பேரேடு, காவ்ராஸ் இயக்கிய 'இஸட்' படத்தினுடையது. 1963 மே 22 அன்று தெசலோனிக்கி நகரில் கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லாம்பிராகிஸ் சமாதானக் கூட்டம் ஒன்றில் பேசிவிட்டு வெளியே வந்தபோது, மூன்று சக்கர வண்டி ஒன்று சீறி வந்தது. அதிலிருந்தவன் அவர் தலையில் அடித்தான். ஐந்து நாளில் இறந்தார். விபத்து என்று மூடப் பார்த்த வழக்கை ஒரு விசாரணை நீதிபதி தோண்டத் தோண்ட, போலீஸ் மேலதிகாரிகள் வரை போனது. வாசிலிஸ் வாசிலிகோஸ் இதை நாவலாக எழுதினார். 1967 ஏப்ரல் 21 அன்று கிரேக்கத்தில் ராணுவக் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். காவ்ராஸும் ஸ்பானிய எழுத்தாளர் ஹோர்ஹே செம்ப்ரூனும் திரைக்கதை எழுதி முடித்தபோது, பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள் வரிசையாகக் கைவிரித்தார்கள். காதல் இல்லை, நாயகன் பாதிப் படத்துக்கு முன்பே செத்துப்போகிறான், கிரேக்க அரசியல் யாருக்கு வேண்டும் என்பது அவர்கள் வாதம். வியாபாரக் கணக்கில் அதில் தப்பில்லை.

பெர்ரின் கதையை வாங்கிக்கொண்டு அல்ஜியர்ஸுக்குப் போனார். எந்த நாட்டுக்குப் போனார் என்பதை ஆண்டுகளோடு பார்க்க வேண்டும். அல்ஜீரியா 1954 முதல் 1962 வரை ஏழரை ஆண்டுகள் பிரான்ஸோடு போரிட்டு விடுதலை பெற்ற நாடு. விடுதலைக்கு ஆறே ஆண்டு ஆகியிருந்தது. ஒரு பிரெஞ்சு இளைஞன் அங்கே போய், கிரேக்க ராணுவ ஆட்சியை எதிர்த்துப் படம் எடுக்க இடம் கேட்கிறான். அவன் கம்பெனியின் பெயர் ரெகான் ஃபிலிம்ஸ். அல்ஜீரிய சஹாராவில் ரெகான் என்ற ஊரில்தான் 1960 பிப்ரவரி 13 அன்று பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை வெடித்தது, 70 கிலோடன். அந்தப் பெயரை எழுதிய கடிதத்தாளோடு வந்தவருக்கு, அகமது ரஷேதி தலைமையில் புதிதாகத் தொடங்கியிருந்த அல்ஜீரிய அரசுத் திரைப்பட நிறுவனம் கூட்டுத் தயாரிப்புக்கு ஒப்புக்கொண்டது. 1968இல் அல்ஜியர்ஸின் தெருக்கள் தெசலோனிக்கியாக மாறின.

இனி பற்றுப் பக்கம். இவ் மோன்தான், ஜான் லூயி திரிந்தின்யான் அளவு நடிகர்கள் தங்கள் வழக்கமான சம்பளத்தைக் கேட்கவில்லை. படத்தின் மையமான மோன்தான் திரையில் வருவது சில நிமிடங்களே. பெர்ரினே நிருபர் வேடத்தில் நடித்தார். தயாரிப்பாளரே நடித்தால் ஒரு சம்பளம் மிச்சம். ஒளிப்பதிவு ரவுல் குத்தார். தோளில் கேமராவைத் தூக்கி வேகமாக வேலை முடிப்பதில் கைதேர்ந்தவர். இசை மிகிஸ் தியோதோராகிஸ்; அவர் அப்போது கர்னல்களின் காவலில் இருந்தார், ஏற்கெனவே எழுதியிருந்த இசையை எடுத்துக்கொள்ளும்படி சொல்லிவிட்டார். ஆக, இந்தப் படத்தின் செலவில் ஒரு பெரும் பகுதி எந்த ரசீதிலும் வராதது. நடிகர் விட்டுக்கொடுத்த கூலி, சிறைப்பட்டவர் கொடுத்த இசை, புது நாடு திறந்துவிட்ட தெரு.

வரவுப் பக்கம் இன்னும் தெளிவு. 1969 பிப்ரவரியில் பாரிஸில் வெளியீடு. பிரான்ஸில் மட்டும் ஏறக்குறைய 40 லட்சம் டிக்கெட். அன்றைய மக்கள்தொகை சுமார் ஐந்து கோடி; பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்கு ஒருவர் என்று கணக்கு வருகிறது. கான் விழாவில் நடுவர் பரிசும், திரிந்தின்யானுக்குச் சிறந்த நடிகர் பரிசும். அமெரிக்க வசூல் ஒரு கோடி டாலரைத் தாண்டியது. ஆஸ்கரில் ஐந்து பரிந்துரைகள், இரண்டு விருதுகள்: வெளிநாட்டு மொழிப் படம், படத்தொகுப்பு. சிறந்த படம், சிறந்த வெளிநாட்டு மொழிப் படம் என்ற இரண்டு பிரிவிலும் ஒரே ஆண்டில் பரிந்துரை பெற்ற முதல் படம் இதுதான். கோல்டன் குளோப் விருதை பெர்ரின் வாங்க மறுத்தார். படத்தை வெளிநாட்டுப் பட்டியலில் மட்டும் வைத்து, முதன்மையான நாடகப் படப் பிரிவிலிருந்து ஒதுக்கியதற்கு எதிர்ப்பு. முதல் படத்தைத் தயாரித்தவர், விளம்பரம் எவ்வளவு தேவையோ அந்த நேரத்தில், கோப்பையைத் திருப்பிவிட்டார். அதற்கு ஆன செலவை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை ஒருமுறை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பெர்ரினின் நிருபர், தொலைக்காட்சிச் செய்தியாளராக நின்று, வழக்கில் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே வருகிறார். சாட்சிகள் ஒவ்வொருவராகச் செத்துப்போயிருக்கிறார்கள். அதிகாரிகள் தப்பியிருக்கிறார்கள். பாதியில் குரல் மாறுகிறது. அந்த நிருபரே சிறைக்குப் போய்விட்டார் என்று இன்னொரு குரல் சொல்கிறது. பிறகு ராணுவ ஆட்சி தடை செய்தவற்றின் பட்டியல் ஓடத் தொடங்குகிறது: நீள முடி, சோபோக்ளிஸ், டால்ஸ்டாய், வேலைநிறுத்தம், சில இசை வகைகள், கடைசியில் ஓர் எழுத்து. தயாரிப்பாளர் தன் சொந்தப் படத்துக்குள் தன்னையே சிறையில் அடைத்துக்கொள்ளும் இடம் அது. இந்தப் பட்டியல் நடைமுறையில் இருந்த காலத்திலேயே படம் வெளிவந்தது. கர்னல்கள் வீழ்ந்தது 1974 ஜூலையில். படத்துக்கும் அதற்கும் இடையே ஐந்தரை ஆண்டு.

'இஸட்' கொண்டுவந்த பணத்தை அவர் என்ன செய்தார் என்பதுதான் தயாரிப்பாளரை எடைபோடும் இடம். அடுத்த ஏழு ஆண்டில் ரெகான் ஃபிலிம்ஸ் பெயரில் வந்தவற்றைப் பாருங்கள். 1972இல் 'அல்ஜீரியப் போர்' ஆவணப்படம். பிரெஞ்சு அரசு அன்று 'போர்' என்று சொல்லக்கூடத் தயாராக இல்லாத விஷயம். நாடாளுமன்றம் அதைப் போர் என்று சட்டப்படி ஏற்றது 1999இல், 27 ஆண்டு கழித்து. 1973இல் காவ்ராஸின் 'ஸ்டேட் ஆஃப் சீஜ்': உருகுவேயில் 1970இல் கொரில்லாக்கள் கடத்திக் கொன்ற அமெரிக்கப் போலீஸ் ஆலோசகர் டான் மித்ரியோனின் கதை. அதை எடுத்தது அதிபர் அயெந்தே ஆட்சியிலிருந்த சிலேயில். வாஷிங்டன் கென்னடி மையத்தில் அந்த ஆண்டு நடந்த விழாவில் அறிவித்திருந்த திரையிடலைக் கடைசியில் ரத்துசெய்தார்கள். பாரிஸில் வெளியானது பிப்ரவரியில். செப்டம்பர் 11 அன்று சிலே ராணுவம் அயெந்தேயைக் கவிழ்த்தது. படப்பிடிப்புக்குக் கதவு திறந்த நாடு ஏழு மாதத்தில் படத்தின் கதைக்குள்ளேயே போய்விட்டது. அதற்குப் பதில் சொல்வதுபோல் 1976இல் 'சுழல்' என்ற நீண்ட ஆவணப்படம் வந்தது. அயெந்தேயை எப்படிக் கட்டம் கட்டமாகக் கவிழ்த்தார்கள் என்பதை ஆர்மான் மத்தலாரும் இரு பெண் படத்தொகுப்பாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கிறிஸ் மார்க்கரும் கை கொடுத்தார். அதிலும் ரெகான் ஃபிலிம்ஸ் பங்கு கொண்டது. அந்தப் படத்தில் லாபம் வரும் என்று கனவிலும் எவரும் நினைத்திருக்க முடியாது.

இடையில் 1975இல் 'சிறப்புப் பிரிவு'. இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரான்ஸின் விஷி அரசு 1941 ஆகஸ்டில் அவசரமாகப் பின்தேதியிட்டுச் சட்டம் போட்டு, ஏற்கெனவே சிறு குற்றங்களுக்குத் தண்டனை பெற்றிருந்தவர்களை மறுபடி நிறுத்தி, மூன்று பேரை ஆகஸ்ட் 28 அன்று கில்லட்டினில் கொன்றது. ஜெர்மானியருக்கு ஈடு காட்டப் பிரெஞ்சு நீதிபதிகளே செய்த வேலை. அப்போது பெர்ரின் பிறந்து ஆறு வாரம். கான் விழாவில் காவ்ராஸுக்குச் சிறந்த இயக்குநர் விருது, இன்னொருவரோடு பகிர்ந்து.

1976 பெர்ரினின் பேரேட்டில் ஒரே பக்கத்தில் ஏற்றமும் இறக்கமும் உள்ள ஆண்டு. ஜான் ஜாக் அன்னோ என்ற விளம்பரப்பட இளைஞனின் முதல் திரைப்படத்தை ஐவரி கோஸ்டில் எடுத்தார்கள். ஆங்கில உலகில் 'பிளாக் அண்ட் ஒயிட் இன் கலர்'. முதல் உலகப்போர் மூண்ட செய்தி மாதங்கள் தாமதமாக வந்து சேர, ஆப்பிரிக்காவின் ஒரு மூலையில் பிரெஞ்சுக்காரர்களும் பக்கத்து ஜெர்மானியர்களும் உள்ளூர்க்காரர்களைப் பிடித்துப் படை கட்டிச் சண்டை போடும் கதை. கூட்டாளி சுவிஸ் தயாரிப்பாளர் ஆர்தர் கோன். பிரான்ஸில் வெளியானபோது கூட்டமில்லை. தங்கள் தாத்தாக்களைக் கேலிசெய்யும் படத்தைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. 1977 மார்ச்சில் ஐவரி கோஸ்ட் பெயரில் அதே படம் ஆஸ்கர் வாங்கியது. பிறகு ஆங்கிலத் தலைப்பின் பிரெஞ்சு வடிவத்தில் மறுபடி வெளியிட்டார்கள். படத்தைக் காலனியாக இருந்த நாட்டின் பேரிலேயே பதிவுசெய்வது 'இஸட்' படத்தில் தொடங்கிய வழக்கம். கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தங்களில் பணம் சுளுவாகக் கிடைக்கும் நாட்டைத் தேடுவதே பொதுவான பழக்கம். பெர்ரின் தேடியது வேறு.

அதே ஆண்டின் பற்றுப் பக்கத்தில் 'தார்த்தாரியர் பாலைவனம்'. தீனோ புட்சாத்தி 1940இல் எழுதிய நாவல். எல்லைக் கோட்டையில் வராத எதிரிக்காக ஆயுள் முழுக்கக் காத்திருக்கும் அதிகாரி. பெர்ரினுக்குப் பல ஆண்டுக் கனவு. அதிகாரி வேடமும் அவருக்கே. இயக்கம் பழைய நண்பர் சுர்லினி. ஈரானின் பாம் நகரத்து மண்கோட்டையில் படப்பிடிப்பு. விட்டோரியோ காஸ்மான், மாக்ஸ் ஃபொன் சீடோ, பிலிப் நுவாரே, ஃபெர்னாந்தோ ரே, திரிந்தின்யான், இசைக்கு எனியோ மோரிகோனே. ஐந்தாறு நாட்டு நடிகர்கள், ஒரு பாலைவனம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் நடக்காத கதை. படம் இத்தாலியில் பரிசுகள் வாங்கியது. வசூல் கைகொடுக்கவில்லை. 35 வயதில் பெர்ரின் தலையில் பெருங்கடன். பல ஆண்டு நடித்து நடித்து அடைத்தார். 1982இல் தனி ஆளாக உலகைச் சுற்றப் போய்த் தொலைந்த படகோட்டியின் கதையை எடுத்து மறுபடி அடி வாங்கினார். அந்தக் கோட்டையையும் சொல்லிவிட வேண்டும்: 2003 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் பாம் இடிந்தது, 26,000க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தப் படத்தின் ஒவ்வொரு சட்டகமும் இன்று அந்தக் கோட்டையின் ஆவணம். கடன் வாங்கி எடுத்ததில் மிஞ்சியது அது.

ஆக, அவரை மூழ்கடித்தது அரசியல் படம் அல்ல. நாடுகள் தடைசெய்த 'இஸட்' காசு கொடுத்தது. யாரையும் சீண்டாத, உயர்ந்த இலக்கியத் தழுவல் கடனாளி ஆக்கியது. அரசியல் படம் எடுத்தால் நஷ்டம் என்று திரும்பத் திரும்பச் சொல்பவர்களுக்கு இந்த இரண்டு வரியையும் காட்டலாம். என் கணிப்பில் காரணம் எளிது: 'இஸட்' படத்தில் எல்லோரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், ஆபத்து பங்கு போடப்பட்டது. 'பாலைவனம்' படத்தில் கனவும் அவருடையது, கையெழுத்தும் அவருடையது.

1976இலிருந்து அடுத்த பெரும் வரவு வரை சரியாக இருபது ஆண்டு. 1996இல் 'மைக்ரோகாஸ்மோஸ்'. கிளோத் நுரித்சானி, மரி பெரெனு என்ற உயிரியலாளர் தம்பதி ஒரு புல்வெளியிலுள்ள பூச்சிகளைப் பற்றி எடுத்தது. ஆராய்ச்சிக்குப் பதினைந்து ஆண்டு, கருவிகளை வடிவமைக்க இரண்டு ஆண்டு, படப்பிடிப்புக்கு மூன்று ஆண்டு, தொகுப்புக்கு ஆறு மாதம். படத்தின் நீளம் ஒன்றேகால் மணி நேரம். பிரான்ஸில் 30 லட்சத்துக்கும் மேல் பார்த்தார்கள். பிரெஞ்சுத் திரையுலகின் ஐந்து செசார் விருதுகள். வசனமே கிட்டத்தட்ட இல்லாத பூச்சிப் படத்துக்குத் தயாரிப்பாளர் விருதும் கிடைத்தது. காலாத்தே ஃபிலிம்ஸ் என்ற அவருடைய இரண்டாம் கம்பெனி இதில்தான் காலூன்றியது. 1999இல் நேபாளத்தின் தோல்போ மலைப்பகுதியில் எரிக் வல்லி எடுத்த 'ஹிமாலயா'. யாக் எருமைகளில் உப்பு ஏற்றிப் போகும் மக்களே நடிகர்கள். நேபாளத்துக்குக் கிடைத்த முதல் ஆஸ்கர் பரிந்துரை அது. அல்ஜீரியா, ஐவரி கோஸ்ட், நேபாளம். பழைய வழக்கம் விடவில்லை.

பிறகு பறவைகள். 'விங்டு மைக்ரேஷன்' 2001இல் வந்தது. அறிவித்த செலவு சுமார் 16 கோடி பிராங்க், ஏறத்தாழ இரண்டரைக் கோடி யூரோ. 450க்கும் மேற்பட்ட ஆட்கள், அவர்களில் விமானிகள் 17, ஒளிப்பதிவாளர்கள் 14, சுமார் 40 நாடுகள், படப்பிடிப்பு மூன்று ஆண்டுக்கு மேல். இந்தச் செலவில் பறவைகளை வளர்த்ததும் அடங்கும். வாத்து, கொக்கு, நாரை முட்டைகள் பொரிவதற்கு முன்பே அவற்றின் பக்கத்தில் ஆட்கள் பேசுவார்கள். சிறிய இலகு விமானத்தின் எஞ்சின் சத்தத்தையும் கேட்கவிடுவார்கள். குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்ததும் முதலில் பார்க்கும் உயிரைத் தாயாக வரித்துக்கொள்ளும் என்பது கொன்ராட் லோரென்ஸ் வாத்துகளிடம் விரிவாக ஆராய்ந்தது; அவருக்கு 1973இல் நோபல் பரிசு. அந்த 'தாய்' ஒரு கல்லூரி மாணவராகவோ மாணவியாகவோ இருப்பார். குஞ்சோடு தூங்கி, குஞ்சோடு நடந்து, பிறகு புல்வெளியில் ஓடி, கடைசியில் இலகு விமானத்தில் ஏறி உட்கார்ந்து கூப்பிடுவார். பறவைகள் பின்னால் எழும்பி, விமானியின் கைக்கு எட்டும் தூரத்தில் இறக்கை அடித்துக்கொண்டு வரும். திரையில் நாம் பார்க்கும் அந்த அண்மைக் காட்சிகளில் பெரும்பாலானவற்றில் வருபவை இப்படி வளர்த்த பறவைகள். வளர்த்தவரின் கூலி, தீனி, கூண்டு, நாடுவிட்டு நாடு கொண்டுபோகும் அனுமதிச் சீட்டு எல்லாம் சேர்த்துத்தான் அந்த இரண்டரைக் கோடி. அவ்வளவு கவனமாக வளர்த்த பறவைகளின் படத்துக்குள், வானில் பறக்கும் வாத்துகளைத் துப்பாக்கி சுட்டு வீழ்த்தும் காட்சியையும் வைத்தார். அரசியலை விட்டுவிட்டு இயற்கைக்குப் போய்விட்டார் என்று எழுதியவர்கள் அந்தக் காட்சியைப் பார்த்தார்களா தெரியவில்லை.

2004இல் வந்த 'லே கோரிஸ்த்' அவருடைய பேரேட்டிலேயே பெரிய வரவு. சகோதரியின் மகனான கிறிஸ்தோஃப் பாரத்தியேயின் முதல் படம். செலவு சுமார் 55 லட்சம் யூரோ. பிரான்ஸில் 85 லட்சத்துக்கும் மேல் டிக்கெட், அந்த ஆண்டின் முதலிடம். மக்கள்தொகையில் ஏழில் ஒருவர். ஒரு டிக்கெட்டுக்குத் தயாரிப்புச் செலவு 65 சென்ட். அன்று சராசரி டிக்கெட் விலை ஆறு யூரோவுக்குச் சற்றுக் கீழே. அரங்க வசூல் மொத்தம் கிட்டத்தட்ட ஐந்து கோடி யூரோ. இதில் அரங்குக்காரர், விநியோகஸ்தர், வரி எல்லாம் போகத்தான் தயாரிப்பாளர் பங்கு. ஆனால் பிரான்ஸில் இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு பங்கு, இப்போது 10.72 சதவீதம், தேசியத் திரைப்பட மையத்தின் நிதிக்குப் போகிறது. ஹாலிவுட் படத்தின் டிக்கெட்டானாலும் பிடித்தம் உண்டு. அந்த நிதியிலிருந்து, முந்தைய படம் எவ்வளவு ஓடியதோ அதற்கேற்பத் தயாரிப்பாளர் கணக்கில் பணம் சேரும். முக்கிய நிபந்தனை, அதை அடுத்த படத்தில்தான் போட வேண்டும். வீடு வாங்க முடியாது. 1948 முதல் நடக்கும் ஏற்பாடு. நம் ஊர் கேளிக்கை வரியில் ஒரு பங்கை இப்படித் திருப்பிவிட்டிருந்தால் எத்தனை தயாரிப்பாளர்கள் இரண்டாவது படம் எடுத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

'லே கோரிஸ்த்' கொடுத்த வரவு கடலுக்குப் போனது. 'ஓஷன்ஸ்', பிரான்ஸில் 2010 ஜனவரி. செலவு சுமார் ஐந்து கோடி யூரோ. 'லே கோரிஸ்த்' பிரெஞ்சு அரங்குகளில் வசூலித்த மொத்தத்துக்கு ஏறத்தாழ ஈடு. படப்பிடிப்பு நான்கு ஆண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள், 75 பயணங்கள், எடுத்த காட்சிகள் சுமார் 480 மணி நேரம். திரையில் மிஞ்சியது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு நிமிடத்துக்குச் சுமார் 280 நிமிடம் படம்பிடித்திருக்கிறார்கள். ஒரு நிமிடத்தின் செலவு சுமார் ஐந்து லட்சம் யூரோ. 'லே கோரிஸ்த்' படத்தில் அது 57,000 யூரோ. பிரான்ஸில் 'ஓஷன்ஸ்' படத்துக்கு 30 லட்சத்தை நெருங்கிய டிக்கெட்; உள்ளூரில் மட்டும் என்றால் டிக்கெட் ஒன்றுக்கு 17 யூரோ செலவு. எனவே உலகச் சந்தை வேண்டியிருந்தது. பெருநிறுவனங்களின் ஆதரவுப் பணமும் வாங்கினார், அமெரிக்க வெளியீட்டை டிஸ்னியிடம் கொடுத்தார். இது எனக்கு உறுத்துகிறது. கோல்டன் குளோப்பைத் திருப்பியவர், கடலை அழுக்காக்கும் தொழில்களின் உலகத்திலிருந்து பணம் எடுத்துக் கடலுக்குப் பரிந்து பேசியது ஒரு விலை. அந்த விலையில்லாமல் ஐந்து கோடி திரளாது என்பதும் உண்மை.

ஆனால் படத்துக்குள் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. துடுப்புகளை அறுத்துவிட்டு உயிரோடு கடலில் எறிந்த சுறா, நீந்த முடியாமல் சுழன்று அடித்தரைக்கு இறங்கும் காட்சி ஒன்று உண்டு. அதற்காக ஒரு சுறாவையும் கொல்லவில்லை. எந்திர மாதிரி செய்து எடுத்தார்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் கொல்லப்படுகின்றன என்று 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் துடுப்பு வெட்டுக்குப் பழைய ஓட்டைகளை அடைத்துக் கடும் விதி கொண்டுவந்தது.

பெர்ரின் 2022 ஏப்ரல் 21 அன்று பாரிஸில் 80 வயதில் இறந்தார். கிரேக்கத்தில் கர்னல்கள் ஆட்சியைப் பிடித்து அன்றோடு 55 ஆண்டு. இரங்கல் குறிப்புகளில் முதலில் வந்தது தெமி படத்து மாலுமியும் 'சினிமா பாரடைசோ'வும்தான். திரைப்படச் சங்கங்கள் 'இஸட்' படத்தைத் திரையிடும்போது காவ்ராஸைப் பற்றி மட்டும் துண்டறிக்கை அடிக்காமல், ரெகான் ஃபிலிம்ஸும் அல்ஜீரிய அரசு நிறுவனமும் எப்படிக் கைகோத்தன என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். 'பிளாக் அண்ட் ஒயிட் இன் கலர்' நம் சங்கங்களில் அரிதாகவே திரையிடப்படுகிறது. அதையும் பட்டியலில் சேருங்கள். தொண்ணூறு நிமிடம்தான்.